சட்டாம்பிள்ளையின் பிரம்பு

1

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. வாத்தியார் எழுந்து உள்ளே போனால் பிரம்பு அவன் கைக்கு வரும். அவனும் மாணவன்தான். ஆனால் மற்ற மாணவர்களை அடிக்க அனுமதி பெற்ற மாணவன். பாடத்தை அவன் உண்டாக்குவதில்லை, ஒப்பிக்க வைக்கிறான். வாத்தியார் திரும்பி வந்ததும் பிரம்பைக் கொடுத்துவிட்டுத் தன் பலகையில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

திருநெல்வேலிச் சீமையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஒருவருக்கு இதுவே பெயராக நிலைத்துவிட்டது. இயற்பெயர் அருமைநாயகம் (1823-1918). பனையேறும் நாடார் சமூகத்தில் கிறிஸ்தவரானவர்களின் வழியில் வந்தவர். சாயர்புரத்தில் ஜி. யு. போப் நடத்திய செமினரியில் தலைமாணாக்கராக இருந்ததால் ‘சட்டாம்பிள்ளை’. பிறகு நாசரேத் மிஷனில் உபதேசியார். அங்கிருந்த மிஷனரியோடு பிணக்கு, வேலை நீக்கம். 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் (பழைய பெயர் மூக்குப்பேரி) எந்த மிஷன் சங்கத்துக்கும் கட்டுப்படாத ஒரு கிறிஸ்தவ சபை அவர் தலைமையில் எழுந்தது. தன்னை அது ‘இந்து’ கிறிஸ்தவ சபை என்று சொல்லிக்கொண்டது. ஊரார் வாயில் நாட்டுச் சபை.

‘இந்து’ என்ற சொல்லை இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் அதன் பெயரே புரியாது. அன்று அச்சொல்லில் தேசமும் இருந்தது. ஐரோப்பியன் அல்லாதவன், இந்த மண்ணுக்குரியவன் என்பதைத்தான் அந்தப் பெயர் முன்வைக்கிறது. கிறிஸ்தவனாக இருக்க ஐரோப்பியனின் சிஷ்யனாக இருக்க வேண்டியதில்லை என்பது அதன் முதல் பிரகடனம். சென்னையில் டாக்டர் பழனி ஆண்டி தேசிய சபையைத் தொடங்கியது 1886இல். அடுத்த ஆண்டில் கல்கத்தாவில் காளிசரண் பானர்ஜி முதலானோரின் கிறிஸ்து சமாஜம். இந்தப் படித்த வர்க்கத்து முயற்சிகளுக்கெல்லாம் ஏறத்தாழ முப்பது வருஷங்களுக்கு முன்னால், தேரிமணலிலும் பனைகளுக்கிடையிலும் இது நடந்திருக்கிறது.

இந்தச் சபையின் சரித்திரத்தை எழுதுவது இங்கே நோக்கமல்ல. அதை எழுத ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவன் கொடுத்ததைக் கொண்டே அவனிடமிருந்து விடுபட முடியுமா? முடியுமென்றால் அந்த விடுதலை எவ்வளவு தூரம் போகும்? மதத்துக்குள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியாக இது எனக்குப் படவில்லை.

2

அந்தச் சபை என்ன செய்தது? ஐரோப்பிய வாடை அடிக்கிறதென்று தோன்றியவற்றையெல்லாம் விலக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டு சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தியது. அபிஷேகம் பெற்ற குருமார் என்ற தனி வகுப்பே வேண்டாமென்றது. திருவிருந்தில் புளித்த திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சை ரசம். சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குவதும் சாம்பிராணி புகைப்பதும் ஆராதனைக்குள் வந்தன. லேவியராகமத்தின் சுத்தம், தீட்டு பற்றிய விதிகளும் யூதப் பண்டிகைகளும் மரியாதை பெற்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விசித்திரமான கலவை. சுதேசியாக வேண்டும் என்று புறப்பட்டவர்கள் ஏன் எருசலேமில் போய் இறங்க வேண்டும்? ஆனால் இதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. அது கூர்மையான தர்க்கமும்கூட. மிஷனரி சொன்னான்: உன் சாம்பிராணி அஞ்ஞானம், உன் தீட்டு அஞ்ஞானம், நீ தரையில் விழுந்து கும்பிடுவது அஞ்ஞானம். அவனே ஒரு புத்தகத்தையும் கொடுத்து, இதில் உள்ளதுதான் சத்தியம் என்றான். கொடுக்கப்பட்டவன் அதைப் படித்தான். படித்தால் அதில் சாம்பிராணி இருக்கிறது. தீட்டு இருக்கிறது. விழுந்து வணங்குதல் இருக்கிறது. ஏழாம் நாளே ஓய்வுநாள் என்று கற்பலகையில் எழுதியிருக்கிறது. இல்லாதது எதுவென்றால் மிஷனரியின் பெஞ்சும் அங்கியும்தான். அப்படியானால் வேதத்துக்கு நெருக்கமாக இருப்பவன் யார்? அஞ்ஞானி என்று சொல்லப்பட்டவனா, சொன்னவனா?

காலனிய காலத்தில் எழுந்த எதிர்ப்புகளில் இந்த வகை எனக்கு மிகவும் முக்கியமானதாகப் படுகிறது. கத்தி எடுக்கவில்லை. பழைய கோயிலுக்குத் திரும்பவுமில்லை. எதிராளியின் புத்தகத்தை எதிராளியைவிடக் கவனமாகப் படித்து, அதை அவன் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தார்கள். பிரம்பு கை மாறியது.

3

இதற்குப் பின்னால் ஒரு காயமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தர்க்கம் வெறும் சாமர்த்தியமாகத் தெரியும்.

1849இல் சென்னையில் ராபர்ட் கால்டுவெல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இடையன்குடியில் இருந்துகொண்டு அவர்களுக்கு ஊழியம் செய்தவர், அவர்களைப் பற்றி இங்கிலாந்தில் உள்ளவர்களுக்கு எழுதியது. பேய் வணக்கக்காரர்கள், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள், மந்தபுத்தி உள்ளவர்கள் என்ற சித்திரம் அதில் உருவாகியது. அதில் இரக்கம் இருந்தது. உதவி கேட்கும் நோக்கமும் இருந்தது. ஆனால் தன்னைப் பற்றித் தன் முதுகுக்குப் பின்னால் வேற்று மொழியில் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தலைமுறையை மிஷன் பள்ளிக்கூடங்களே உண்டாக்கிக்கொண்டிருந்தன என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். சட்டாம்பிள்ளை அந்தத் தலைமுறை. அந்த நூலுக்கு எதிராகத் தன் சமூகத்தைக் கிளர்த்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

இதே கால்டுவெல்தான் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழன் தன்னைப் பற்றிப் பெருமிதம் கொள்ள அது கொடுத்த ஆதாரத்தை இன்றுவரை நாம் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கை ஒரு மொழிக்கு வம்சாவளி கொடுத்தது, அந்த மொழி பேசிய ஒரு ஜனக்கூட்டத்தைத் தாழ்த்தி எழுதியது. ஒப்பிலக்கணம் வந்த மறு வருஷம் நாட்டுச் சபை. இரண்டையும் காரணகாரியமாக முடிச்சுப் போட நான் விரும்பவில்லை. நாம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம், மற்றதை மறந்துவிட்டோம் என்பதைத்தான் சொல்கிறேன். மெரினாவில் சிலை வைத்தவர்களுக்கு மூக்குப்பேரி ஞாபகம் வரவேண்டிய அவசியமில்லை. எழுதுகிறவர்களுக்கு வர வேண்டாமா?

அப்படியானால் நாட்டுச் சபையை மானத்தின் சபை என்றும் சொல்லலாம். இறையியல் பிறகுதான். ‘நீ யார் என்று நான் சொல்கிறேன்’ என்று ஒருவன் சொன்னபோது, ‘அதை நானே சொல்லிக்கொள்கிறேன்’ என்று மற்றவன் சொன்ன பதில் அது.

4

இதுவரை நான் சட்டாம்பிள்ளையின் பக்கம் நின்றே பேசியிருக்கிறேன். இனிமேல் சங்கடம் ஆரம்பிக்கிறது.

திராட்சை ரசத்தை எடுத்துக்கொள்வோம். பனங்காட்டு மக்கள் அவர்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். புளித்ததற்கும் புளிக்காததற்கும் உள்ள வித்தியாசத்தை இவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் உலகத்தில் இருந்திருக்க முடியாது. அவர்களுடைய ஜீவனமே அந்த வித்தியாசத்தில்தான் இருந்தது. பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்கி வாழ்ந்த மக்களை, கள் இறக்குகிறவர்கள் என்ற ஒற்றைச் சொல்லால் ஊர் தள்ளி வைத்தது. திருவிருந்தில் புளிக்காத ரசம்தான் வேண்டுமென்று அவர்கள் அத்தனை உறுதியாக நின்றதில் வேத வசனத்தோடு இந்த அவமானத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் அது ஏன் திராட்சை? பதநீர் ஏன் அந்தக் கிண்ணத்துக்குள் வரவில்லை? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். பதில் விளையாட்டல்ல. புத்தகத்தில் திராட்சை என்று இருக்கிறது. ஐரோப்பா வெளியேறிவிட்டது, திராட்சை தங்கிவிட்டது. ஐரோப்பியனை விலக்கத் தைரியம் இருந்தது. அவன் கொண்டுவந்த அளவுகோலை விலக்கத் தைரியம் இல்லை. இல்லை, அப்படிச் சொல்வது நியாயமல்ல. அந்த அளவுகோல்தான் அவர்களுடைய ஆயுதம். அதைக் கீழே போட்டிருந்தால் அவர்கள் கையில் எதுவும் இருந்திருக்காது.

எதிராளியின் அளவுகோலைக் கொண்டு எதிராளியைத் தோற்கடிக்கிறவன் அந்த அளவுகோலுக்கு முன்பைவிட அதிகமாகக் கட்டுப்பட்டவனாகிறான். மிஷனரி ஞாயிற்றுக்கிழமையில் சற்றுத் தளர்ச்சியாக இருக்கலாம், அவனை யாரும் கேட்கப் போவதில்லை. சட்டாம்பிள்ளை சனிக்கிழமையில் தளர முடியாது. அவருடைய சுதந்திரத்தின் ஆதாரமே அவருடைய கண்டிப்பில்தான் இருக்கிறது. வாத்தியாரைவிடச் சட்டாம்பிள்ளைதான் எப்போதும் பலமாக அடிப்பான் என்று திண்ணையில் படித்தவர்களுக்குத் தெரியும்.

பதநீர் வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நம் இலக்கியத்தில் மண்வாசனை என்று ஒன்றைப் பல வருஷங்களாகப் பார்த்துவருகிறோம். கதையில் கம்மங்கூழும் வட்டார வழக்கும் வந்துவிட்டால் எழுத்து சொந்தமாகிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கிண்ணத்தில் இருப்பது திராட்சையா பதநீரா என்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயமாகவே முடிந்துவிடலாம். கிண்ணம் யார் வரைக்கும் போகிறது என்பதுதான் அறம் சம்பந்தப்பட்டது.

5

குழந்தை ஞானஸ்நானத்தை நிறுத்தியதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதன் உள்ளர்த்தம் என்ன? பிறப்பினால் யாரும் கிறிஸ்தவனல்ல என்பது. புத்தி வந்து, தெரிந்து, தானே தேர்ந்துகொள்கிறவன்தான் சபைக்கு உரியவன். அபிஷேகம் பெற்ற குருமார் வேண்டாம் என்பதன் அர்த்தமும் அதற்குப் பக்கத்தில் வருகிறது. வேதத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் நடுவே பிறரால் அருளப்பட்ட உயரம் எதுவும் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பிறப்பும் படிநிலையும் மனிதனைத் தீர்மானிக்கக் கூடாது என்ற ஒரு வாக்கியம் வருகிறது. தமிழ்நாட்டில் 1857இல் இந்த வாக்கியத்தைக் கடைசிவரை படித்திருந்தால் எங்கே போயிருக்கும்?

கடைசிவரை படிக்கப்படவில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் விலக்கப்பட்ட பிறப்பு, கல்யாணப் பந்தலில் வந்து உட்கார்ந்துகொண்டது. இது இந்தச் சபைக்கு மட்டும் உரிய குற்றமல்ல. தமிழ்க் கிறிஸ்தவம் முழுவதற்கும் உரியது. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் மிஷனரிகளோடு சண்டையிட்டபோதும் சுயமரியாதையும் சாதி மரியாதையும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடந்தன. நாட்டுச் சபை நாடார்களுக்குள்ளிருந்து எழுந்தது, பெரும்பாலும் நாடார்களுக்குள்ளேயே நின்றது. ‘எங்களைத் தாழ்ந்தவர்கள் என்று எழுதினாயே’ என்ற கோபத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. தாழ்ந்தவர் என்று யாருமே இல்லை என்பது ஒன்று. தாழ்ந்தவர்கள் நாங்கள் அல்ல என்பது மற்றொன்று. இரண்டாவது வழி சொல்லாமல் விடும் மிச்சம் ஒன்று உண்டு. தாழ்ந்தவர்கள் வேறு யாரோ இருக்கிறார்கள்.

லேவியராகமம் இந்த இரண்டாவது வழிக்கு ஏற்ற புத்தகம். எது சுத்தம், எது தீட்டு என்று பிரித்துக்கொண்டே போவது அதன் சுபாவம். தீண்டாமையின் அடியில் கிடந்து நசுங்கிய ஒரு சமூகம் தன் கௌரவத்தை நிரூபிக்கத் தீட்டு விதிகளையே எடுத்துக்கொண்டது என்பது எனக்குப் படிக்கப் படிக்க வேதனை தரும் இடம். வீட்டுக்குள் அந்த விதிகளின் பாரம் பெண்கள் மேல்தான் விழும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் மிஷனரியிடமிருந்து விடுதலை வாங்கினார்கள், அதன் விலையில் ஒரு பகுதியைப் பெண்களின் மாதவிலக்குக் கணக்கில் எழுதினார்கள் என்று சொன்னால் கடுமையாக இருக்கும். பொய்யாக இருக்காது.

6

1857இல் வாழ்ந்த மனிதரை இன்றைய அளவுகோலால் அளப்பது சரியா என்ற ஆட்சேபம் வரும். ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஆனால் அன்றே வேறு அளவுகோல் இருந்தது.

அதே சமூகம், அதற்குச் சற்றுத் தெற்கே. திருவிதாங்கூரில், சாமிதோப்பில், வைகுண்டசாமி (1809-1851). அவருக்கும் மிஷனரிகள் இருந்தார்கள், ராஜா இருந்தார், மேல்சாதியார் இருந்தார்கள், அடியும் சிறையும் இருந்தன. அந்த நாட்டில் சாணார்ப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள 1859 வரை போராட வேண்டியிருந்தது. அந்த வருஷத்து அரசாணையும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற கட்டோடுதான் அனுமதி கொடுத்தது. வைகுண்டசாமி என்ன செய்தார்? கருவறையில் விக்கிரகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை வைக்கும் வழக்கம் அவர் மரபில் வந்தது. கும்பிட வருகிறவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது வைகுண்டசாமி உயர்ந்தவர், சட்டாம்பிள்ளை தாழ்ந்தவர் என்று மதிப்பெண் போட நான் முயலவில்லை. ஒருவர் கண்ணாடியை எடுத்தார், ஒருவர் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியில் தன் முகம் தெரியும், அடுத்து நிற்கிறவன் முகமும் தெரியும். அதனோடு வாதாட முடியாது. வாதாடுவதற்குப் புத்தகம் வேண்டும். வாதாடுகிறவன் எதிராளியை மதித்தே ஆக வேண்டும், எதிராளி என்ன சொல்கிறான் என்று கேட்டே ஆக வேண்டும். சட்டாம்பிள்ளை தன் காலத்தின் மிகப் பெரிய அதிகாரத்தோடு அதன் பாஷையில் வாதாடினார். அது சின்னக் காரியமல்ல. ஆனால் கேட்க வேண்டியவர்களின் வரிசையில் மேலே இருந்தவன் மட்டும்தான் நின்றான். கீழே இருந்தவன் என்ன சொல்கிறான் என்று கேட்கக் கிணற்றங்கரைக்குப் போக வேண்டும்.

ஆகவே என் பதில் இது. கொடுத்தவனுடைய பொருளைக் கொண்டே கொடுத்தவனிடமிருந்து விடுபட முடியும். பெறப்பட்டது என்பதற்காக எதுவும் சொந்தமில்லாமல் போய்விடுவதில்லை. தானே படித்துப் பொருள் கொள்கிறவனுக்கு அது சொந்தமாகிறது. சட்டாம்பிள்ளையின் வேதாகமம் மிஷனரியின் வேதாகமம் அல்ல, எழுத்தெல்லாம் ஒன்றாக இருந்தபோதிலும். இரவல் வாங்கியது அவருடைய குறையல்ல. தன் காயம் எங்கே நின்றதோ அங்கேயே தன் வாசிப்பையும் நிறுத்திக்கொண்டதுதான் குறை. தனக்கு வலித்த பக்கங்களைப் படித்தார். பிறருக்கு வலிக்கிற பக்கங்களும் அதே புத்தகத்தில் இருந்தன. அந்நியரைப் பற்றியும் கூலிக்காரரைப் பற்றியும் விதவையைப் பற்றியும் லேவியராகமமும் அதை ஒட்டிய புத்தகங்களும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தூபமும் ஓய்வுநாளும் கண்ணில் பட்ட அளவுக்கு அந்தப் பக்கங்கள் படவில்லை.

7

இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டும்? நாம் ஒன்றும் சபை நடத்தவில்லை.

நடத்தவில்லையா? நாமும் ஒரு புத்தகத்தை வெளியிலிருந்து வாங்கியவர்கள். புதுக்கவிதை, விமர்சனம், அமைப்பியல், அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் கப்பலில் வந்தவைதான். கல்லூரித் தமிழ்த்துறைகளையும் பெரும் பத்திரிகைகளையும் நாம் எதிர்த்தபோது அவர்களைவிட அதிகமாகப் படித்தவர்கள் என்ற பலத்தில்தான் எதிர்த்தோம். பிரம்பு நம் கைக்கு வந்தது. சில நூறு பிரதிகளுக்குள் கண்டிப்பான சுத்தம், கண்டிப்பான தீட்டு. இன்னாரோடு பேசலாம், இன்னார் எழுதுவது இலக்கியமல்ல. குருமார் கிடையாது என்று சொல்லிக்கொண்டோம். யார் குரு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு மேற்கு சலித்தபோது நம்மில் சிலர் சங்க இலக்கியத்துக்குத் திரும்பினார்கள். அதையும் எப்படிப் படித்தார்கள்? நவீனத்துவம் சொன்னதெல்லாம் ஏற்கனவே எங்களிடம் இருக்கிறது என்று நிரூபிக்கப் படித்தார்கள். சாம்பிராணி வேதத்திலேயே இருக்கிறது என்பதைப் போல.

வாங்கியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை என்பதுதான் மூக்குப்பேரி எனக்குச் சொல்லும் முதல் விஷயம். ஒரு உபதேசியார் செய்ததைவிடக் கேவலமான காரியம் எதையும் நாம் செய்துவிடவில்லை. அவர் செய்த அளவுக்கு முழுமையாகச் செய்தோமா என்பதே சந்தேகம். அவர் தன் வேலையை இழந்தார், தன் நம்பிக்கையைத் தானே பொறுப்பேற்று நடத்தினார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாழ்ந்தார். அவருடைய சபை பெரிதாக வளரவில்லை. சபை சிறியதாக இருப்பது குற்றமல்ல என்று சிறுபத்திரிகைக்காரர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது விஷயம்தான் கஷ்டமானது. 1990களில் தலித் எழுத்து நம் வாசலுக்கு வந்தபோது அதன் மொழி செம்மையாக இல்லை, உருவம் கைகூடவில்லை என்று நம்மில் பலர் சொன்னோம். நானும் சொன்னேன். அந்தச் சமயத்தில் எனக்கு அது விமர்சனமாகத்தான் தெரிந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், வாத்தியார் உள்ளே போயிருந்தபோது என் கையில் இருந்ததைக் கொண்டு என் பக்கத்தில் இருந்தவனின் பலகையைத் தட்டியிருக்கிறேன். எழுத்து நன்றாக வரவில்லை என்று.

எழுத்து உண்மையிலேயே நன்றாக வராமலும் இருந்திருக்கலாம். அது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் பிரம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேனா என்பதுதான் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்காத இடம்.